மலர் 1, இதழ் 1: பழைய பத்திரிகைகளின் முதல் இதழைத் தேடிப் பிடிப்பது எப்படி

முதல் இதழை யாரும் பத்திரப்படுத்தி வைப்பதில்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு பத்திரிகை நன்றாக ஓடி, வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை வருகிற அளவுக்கு ஆன பிறகுதான் "இதையெல்லாம் சேர்த்து வைக்கலாமே" என்று ஒருவருக்குத் தோன்றும், அதற்குள் முதல் இதழ் கடலை மடிக்கவோ, அலமாரித் தட்டில் விரிக்கவோ, வெந்நீர் அடுப்பு மூட்டவோ போய்விட்டிருக்கும். 1950களின் கல்கி இன்றைக்கும் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. 1941 ஆகஸ்ட் 1 தேதி போட்ட கல்கி கிடைப்பது குதிரைக் கொம்பு. இரண்டுக்கும் நடுவில் பத்துப் பதினைந்து வருஷம்தான் வித்தியாசம், ஆனால் முதல் இதழ் வந்த நாளில் அதன் அருமை வாங்கியவர்களுக்கே தெரியாது. ஆகவே எதையும் தூக்கிப் போட மனசு வராத மனிதர்கள் இருந்த வீடுகளைத்தான் நாம் தேடிப் போக வேண்டும்.

நான் வேலூர்க்காரன். இருபது வருஷமாகக் குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா, ஆரணி, அரக்கோணம் என்று பழைய வடஆற்காடு மாவட்டம் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதைத் தேடப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லா முதல் இதழும் வேண்டும் என்று இறங்கினால் பணமும் போகும், இடமும் போகும், கையில் ஒன்றும் உருப்படியாக நிற்காது. இயக்கப் பத்திரிகைகளா, சிற்றிதழ்களா, சிறுவர் பத்திரிகைகளா, காமிக்ஸா, ஏதாவது ஒரு வழியைப் பிடியுங்கள். பிறகு ஒரு சின்னப் பாக்கெட் நோட்டில் அந்தந்தப் பத்திரிகை பிறந்த நாளை எழுதிக்கொள்ளுங்கள், கடையில் நின்றுகொண்டு போனில் தேட நேரம் இருக்காது. என் நோட்டில் முதல் பக்கம் இப்படிப் போகும்: குடி அரசு 1925 மே 2, ஆனந்த விகடன் 1926 பிப்ரவரி, கலைமகள் 1932 ஜனவரி, மணிக்கொடி 1933 செப்டம்பர் 17, காஞ்சிபுரத்திலிருந்து அண்ணா நடத்திய திராவிட நாடு 1942 மார்ச் 8, அம்புலிமாமா 1947 ஜூலை, குமுதம் அதே வருஷம் நவம்பர், சி.சு. செல்லப்பாவின் எழுத்து 1959 ஜனவரி, துக்ளக் 1970 ஜனவரி 14, கசடதபற அதே வருஷம் அக்டோபர், முத்து காமிக்ஸ் 1972 ஜனவரி, லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984 ஜூலை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, சிற்றிதழ் பக்கம் போங்கள். பெரிய வார இதழ்களின் முதல் இதழைத் தேட ஏற்கெனவே கூட்டம் இருக்கிறது. எழுத்து, கசடதபற மாதிரியானவை மிகக் குறைந்த பிரதிகள்தான் அச்சாயின, ஆனால் அவற்றை வாங்கியவர்கள் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், எழுதுகிற ஆசை உள்ள குமாஸ்தாக்கள். இவர்கள் சாதாரணமாகப் புத்தகத்தை எடைக்குப் போட மாட்டார்கள். அவர்கள் காலமான பிறகு, வீட்டை இடித்துக் கட்டும்போதுதான் அதெல்லாம் வெளியே வரும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் யார் யார் உங்கள் ஊரில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது வாங்கலாம் என்று போகாதீர்கள், பேசிக்கொண்டிருக்கப் போங்கள். நாலாவது தடவை போகும்போது அவரே பரணைக் காட்டுவார்.

எங்கள் பக்கத்துக்கென்று சில இடங்கள் உண்டு. வடஆற்காட்டில் திராவிட இயக்கம் ஆழமாக வேரூன்றிய காலத்தில் ஊருக்கு ஊர் படிப்பகம் இருந்தது, முடிதிருத்தும் கடைகளில் பெஞ்சு நிறையப் பத்திரிகை கிடந்தது. அந்தக் கடைகளை இப்போது பேரன்கள் நடத்துகிறார்கள், பழைய மரப்பெட்டி இன்னும் பின்னறையில் இருக்கலாம். அடுத்து, தங்கவயலுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய குடும்பங்கள். அயோத்திதாசர் சென்னையில் 1907 ஜூன் 19ஆம் தேதி தொடங்கிய ஒரு பைசாத் தமிழன் பத்திரிகைக்குக் கோலார் தங்கவயலில் நல்ல வாசகர் கூட்டம் இருந்தது, நம் மாவட்டத்திலிருந்து எத்தனையோ பேர் அந்தச் சுரங்கத்துக்குப் போனார்கள். அந்த வீடுகளின் தகரப்பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று இன்னும் யாரும் முழுக்கப் பார்க்கவில்லை என்பதே என் எண்ணம். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் போனால் உருதுப் பத்திரிகைகள் வரும். உருது படிக்கத் தெரியாவிட்டாலும் ஜில்த் என்றால் மலர், ஷுமாரா என்றால் இதழ், இந்த இரண்டு சொல்லையும், உருதுவில் 1 என்ற எண்ணை எழுதுகிற விதத்தையும் அடையாளம் கண்டுகொள்ளப் பழகுங்கள், போதும்.

காயலான் கடை, பழைய பேப்பர் கடைக்காரர்களிடம் ஒரு விஷயம் மட்டும் சொல்லி வையுங்கள்: "பைண்டு பண்ண புத்தகம் எது வந்தாலும் எனக்கு ஒரு போன் போடுங்க." முதல் இதழ் தனியாக வருவதைவிட பைண்டுக்குள் ஒளிந்து வருவதுதான் அதிகம். அந்தக் காலத்தில் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்வது வீட்டுக்கு வீடு நடந்தது. பொன்னியின் செல்வன் கல்கியில் 1950 அக்டோபர் 29இல் தொடங்கியது, ஓவியர் மணியத்தின் படங்களோடு அதைக் கிழித்து பைண்டு செய்யாத வீடு இல்லை என்றே சொல்லலாம். அதெல்லாம் நமக்கு உதவாது, கதைப் பக்கம் மட்டும் இருக்கும், அட்டை இருக்காது. ஆனால் சிலர் ஆறு மாத இதழ்களை முழுசாகவே பைண்டு செய்திருப்பார்கள். பைண்டரைப் பொறுத்து அட்டையும் விளம்பரப் பக்கமும் உள்ளேயே இருக்கும், இல்லாவிட்டால் எடுத்திருப்பார். ஓரத்தையும் கத்தியில் வெட்டியிருப்பார். அதனால் பைண்டில் கிடைத்த முதல் இதழை வாங்கலாமா என்று கேட்டால், அட்டை இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள், அட்டை இல்லை என்றால் படிக்கவும் ஸ்கேன் செய்யவும் மட்டும் வாங்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் பைண்டைப் பிரிக்காதீர்கள்.

சரி, கையில் ஒன்று கிடைத்துவிட்டது. உண்மையிலேயே முதல் இதழ்தானா?

மலர் 1, இதழ் 1 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. பழைய பத்திரிகைகளில் தொகுதி, பகுதி என்றும் இருக்கும், அது பரவாயில்லை. குழப்பம் வேறு இடத்தில் வருகிறது: நின்று போன பத்திரிகை மறுபடி வரும்போதும், கை மாறும்போதும், சிலர் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். மணிக்கொடி 1933இல் அரசியல் வார இதழாக வந்தது, ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் சேர்ந்து நடத்தியது. பி.எஸ். ராமையா கையில் அது சிறுகதைப் பத்திரிகையானது 1935இல். "மணிக்கொடி முதல் இதழ் இருக்கு" என்று ஒருவர் சொன்னால் எந்த மணிக்கொடி என்று கேட்க வேண்டும். ஆனந்த விகடனும் அப்படித்தான், 1926இல் ஆரம்பித்தவர் பூதூர் வைத்தியநாத ஐயர், எஸ்.எஸ். வாசன் அதை வாங்கியது 1928இல். ஒரு பைசாத் தமிழன் ஒரு வருஷத்துக்குப் பிறகு தமிழன் என்று பெயரைச் சுருக்கிக்கொண்டது. எந்தப் பெயர், யார் நடத்தியது, என்ன தேதி, மூன்றும் ஒத்துப்போனால்தான் கணக்கு.

தேதிக்குப் பதிலாகத் தமிழ் வருஷம் மட்டும் போட்டிருந்தால் கவனம். ஸ்ரீமுக வருஷம் என்றால் 1933ஆக இருக்கலாம், 1873ஆகவும் இருக்கலாம், அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும்.

காலத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மிகவும் பிடித்த வழி, விலையைப் பார்ப்பது. அணா என்று போட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம், ஏனென்றால் அந்த மாதம் 1ஆம் தேதிதான் ரூபாய்க்கு நூறு காசு கணக்கு வந்தது. ந.பை., அதாவது நயா பைசா என்று இருந்தால் 1957இலிருந்து 1964 வரை. வெறும் பைசா என்றால் அதற்குப் பிறகு. அடுத்து முகவரி. ஆறு இலக்கப் பின்கோடு நடைமுறைக்கு வந்ததே 1972 ஆகஸ்ட் 15இல்தான். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு பழைய புத்தக வியாபாரி முத்து காமிக்ஸ் முதல் இதழ் என்று சொல்லி இரும்புக்கை மாயாவி கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார், பல வருஷம் தேடிய பொருள் என்பதால் கை நடுங்கியது, அட்டையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் மெதுவாகப் புரட்டும்போது உள்ளே முகவரியில் பின்கோடு இருந்தது. 1972 ஜனவரியில் வந்த புத்தகத்தில் அது எப்படி இருக்கும்? பதிப்பகம் பின்னால் நேர்மையாகவே போட்ட மறுபதிப்பு அது, அதை முதல் இதழ் என்று விற்றதுதான் தவறு. அன்றிலிருந்து அட்டையைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

எழுத்தையும் பாருங்கள். துதிக்கை வைத்த லை, னை, சுழித்த றா, ணா இவையெல்லாம் 1978 அக்டோபரில் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் மெல்ல மெல்லப் போயின. 1965இல் வந்தது என்று காட்டுகிற இதழில் இன்றைய லை இருந்தால் சந்தேகப்படுங்கள். பெரியாரின் பத்திரிகைகள் மட்டும் விதிவிலக்கு, அவர் 1935லேயே அந்த எழுத்துகளை மாற்றிவிட்டார்.

பழைய இதழை அப்படியே படமெடுத்து அடித்த நகலில் எழுத்தும் பழைய எழுத்தாகவே இருக்கும், விலையும் அணாவாகவே இருக்கும். அதற்கு விரல்தான் கருவி. ஈய எழுத்துக் கோத்து அடித்த தாளின் பின்பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எழுத்து லேசாகப் புடைத்திருப்பது தெரியும், எழுத்து தாளைக் கடித்திருக்கும். ஆஃப்செட்டில் அந்தக் கடி இருக்காது, வழுவழு என்று போகும். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் வைக்கிற லென்ஸ் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நகல் அச்சில் எழுத்தின் விளிம்பு பிசிறு பிசிறாக இருக்கும்.

அசல்தான் என்று ஆனபிறகு முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். பக்க எண்ணை ஒவ்வொன்றாக எண்ணுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. நடுப்பக்கத்தில் ஒட்டியிருந்த வண்ணப்படத்தைப் பிளேடால் எடுத்து பிரேம் போட்டுப் பூஜை அறையில் மாட்டுவது அந்தக் கால வழக்கம், நடுவில் நேராக வெட்டிய அடிக்கட்டை தெரிகிறதா என்று பாருங்கள். 1930களின் விகடனில் குறுக்கெழுத்துப் போட்டிக்குப் பெரிய மவுசு, அந்த மாதிரிப் போட்டி வைத்த பத்திரிகைகளில் கூப்பனை வெட்டி அனுப்பியிருப்பார்கள், பக்கத்தில் சதுரமாக ஓட்டை இருக்கும். நூலக முத்திரை இருந்தால், பதிவிலிருந்து நீக்கியதற்கான முத்திரையும் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லாவிட்டால் வாங்காதீர்கள். நூலகத்திலிருந்து போன பொருள் அது, திரும்பப் போய்ச் சேர வேண்டும். ஏஜென்டின் ரப்பர் ஸ்டாம்பு, வாங்கியவர் கையெழுத்து, பென்சில் குறிப்பு இவற்றைச் சிலர் குறை என்று நினைத்து அழிக்கிறார்கள். தயவு செய்து அழிக்காதீர்கள், அந்த இதழ் எந்த ஊர் வரை வந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

விலை பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். கடையில் பேரம் பேசுங்கள், வீட்டில் பேசாதீர்கள். வீட்டுக்காரர்களுக்குத் தங்களிடம் இருப்பது என்னவென்று தெரியாது, உங்களுக்குத் தெரியும். முதலில் அதைச் சொல்லிவிடுங்கள், பிறகு உங்களால் என்ன கொடுக்க முடியும் என்று சொல்லுங்கள். சில சமயம் அவர்கள் தரமாட்டார்கள். அப்போதும் படமெடுத்துக்கொள்ள விடுவார்கள்.

இனி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செய்ய வேண்டியது. பத்திரிகைத் தாள் மலிவான மரக்கூழில் செய்தது, அதில் இருக்கிற லிக்னின் என்கிற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு அமிலமாக மாறித் தாளைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். எங்கள் ஊர் வெயில் கேட்கவே வேண்டாம், அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற பரணில் இன்னும் அதிகம். ஆகவே பரண் கூடாது, தரையும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறுகிற சுவரை ஒட்டி பீரோவை வைக்காதீர்கள், நாலு விரல் இடைவெளி விடுங்கள். இதழ்களை நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள், பத்துக்கு மேல் அடுக்காதீர்கள்.

வந்த அன்றே பீரோவில் வைத்துவிடக் கூடாது. ராமபாணப் பூச்சியோ அதன் முட்டையோ உள்ளே இருந்தால் மற்றதையும் தின்றுவிடும். நான் செய்வது, இதழைப் பாலிதீன் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து நன்றாக மூடி, மைனஸ் 18 டிகிரிக்குக் குளிர்கிற ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைப்பேன். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காமல் ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் தாளில் ஈரம் கோத்துக்கொள்ளும். அப்புறம் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தூசியைத் தட்ட வேண்டும். வெயிலில் மட்டும் காயப் போடாதீர்கள்.

துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், எல்லோரும் இதில்தான் கெடுக்கிறார்கள். பின்னைச் சுற்றித் தாள் செம்பழுப்பாகி, முறுக்குத் தூள் மாதிரி உதிர்கிற நிலையில் இருக்கும். முன்பக்கமாகப் பிடித்து இழுத்தால் முதுகே கிழிந்து கையோடு வந்துவிடும். இதழை நடுப்பக்கத்தில் திறந்து வைத்து, மடங்கியிருக்கிற இரண்டு கால்களுக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள், ஊறுகாய் பாக்கெட் அளவு போதும். அதன் மேல் வைத்துத்தான் மழுங்கிய கத்தியால் காலை நிமிர்த்த வேண்டும், தாளில் அழுத்தம் படக் கூடாது. கால் ஒடிந்து வந்தால் நல்லதுதான். இரண்டும் நிமிர்ந்ததும் இதழைத் திருப்பி, வெளிப்பக்கமாக மெதுவாகத் தூக்கி எடுங்கள். பிறகு அதே ஓட்டைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, தளர்வாக முடி போடுங்கள். புது ஓட்டை போடாதீர்கள், புது பின்னும் அடிக்காதீர்கள்.

செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில வருஷத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசையின் மஞ்சள் கறை மட்டும் தாளில் நிற்கும், அது போகாது. லேமினேஷனும் வேண்டாம், அது திரும்பி வர முடியாத வழி. ரப்பர் பேண்ட் வேண்டாம். நாப்தலின் உருண்டையைத் தாளின் மேல் வைக்க வேண்டாம், வசம்பும் வேப்பிலையும் கூடத் துணியில் முடிந்து பீரோ மூலையில்தான். கவர் வாங்கும்போது வாசனை அடிக்கிற பி.வி.சி. கவரைத் தவிர்த்து பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலின் கவர் கேளுங்கள், உள்ளே அமிலம் இல்லாத அட்டை ஒன்றை முதுகுக்கு வையுங்கள். வேலூரில் கிடைக்காவிட்டால் சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லி ஓவியப் பொருள் விற்கிற கடையில் வாங்கி வரச் சொல்லலாம்.

கடைசியாக, ஸ்கேன். ஒரே ஒரு தடவைதான் நன்றாகத் திறக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்யுங்கள். ஸ்கேனர் மூடியால் அழுத்தாமல், ஜன்னல் வெளிச்சத்தில் மேலிருந்து போன் கேமராவிலேயே எடுக்கலாம். விளம்பரம், பின் அட்டை, அச்சக முகவரி எதையும் விடாதீர்கள். எடுத்ததும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்த இதழ் இருக்கிறதா என்று பாருங்கள், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் புதுக்கோட்டை ஞானாலயாவிலும் கேளுங்கள். அவர்களிடம் இல்லாத இதழ் உங்களிடம் இருந்தால் படப் பிரதியைக் கொடுத்துவிடுங்கள். பொதுவில் ஏற்றுவதாக இருந்தால் எழுதியவர் காலமாகி 60 ஆண்டு முடிந்ததா, நாட்டுடைமை ஆனவரா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

குடியாத்தத்தில் ஒரு நெசவாளர் வீட்டில், தறிக்குழிக்கு மேலே இருந்த பலகையிலிருந்து எழுத்து முதல் இதழ் எனக்குக் கிடைத்தது. லுங்கித் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். அந்த வீட்டு ஆயா, "எடுத்துக்கோ நைனா, அவரு போனப்புறம் யாரு படிக்கிறாங்க" என்றார். பணம் வாங்க மாட்டேன் என்று சொன்னவரிடம் பேசிப் பேசித்தான் கையில் கொடுத்தேன். அட்டையின் மூலையில் ஊதா மையில் அவர் வீட்டுக்காரர் கையெழுத்தும் 59ஆம் வருஷத் தேதியும் இருந்தன. அந்த அட்டையை அதே அளவில் கலரில் அச்செடுத்து, கண்ணாடி போட்டு அடுத்த மாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதழை விட்டுவிட்டுக் கையெழுத்தைத்தான் ஆயா விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது, பக்கத்துத் தெருவில் அவர் வீட்டுக்காரரோடு சேர்ந்து படித்தவர் ஒருவர் வீடு இருக்கிறது, அங்கேயும் ஒரு பெட்டி இருக்கும் என்று சொன்னார்.